எரிந்த எம்.ஜி. மிட்ஜெட்: தேற்றலாமா, பழைய இரும்புக்குப் போடலாமா?

வாவிக்கரையான்

வணக்கம். ஒன்றரை வருடமாக இங்கே வாசிக்கிறேன், எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது கொஞ்சம் வெட்கமான விசயம். வாங்கி ஒன்பதாவது நாள் என் காரை நானே எரித்துவிட்டேன்.

நீர்ப்பாசன வேலையில் 34 வருடம் இருந்தேன். போன வருடம் பென்ஷன். வீடு மட்டக்களப்பு கல்லடி, பாலம் தாண்டிக் கடற்கரைப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்பாறையில் போட்டார்கள். அங்கே ஒரு எஞ்சினியர் சின்னச் சிவப்பு எம்.ஜி. வைத்திருந்தார், கூரையில்லாத பிரிட்டிஷ் கார். இங்கினியாகலைக் குளக்கட்டுக்குப் போகிற வழியில் அது எங்களைக் கடந்து போகும், நாங்கள் லொறியின் பின்னால் குந்தியிருந்து பார்ப்போம். அந்தப் பார்வைதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டது.

செங்கலடிப் பக்கம் ஒரு கிடுகுக் கொட்டிலில் அதே வகைக் கார் 12 வருடமாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய் வாங்கினேன். 1965ஆம் ஆண்டு மிட்ஜெட், மார்க் 2, 1098 சி.சி., எஸ்.யூ. கம்பனியின் இரட்டைக் காபரேட்டர் (பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது). துரு இருந்தது, ஆனால் ஒரு சாமானும் குறையவில்லை. விலையைக் கேட்காதீர்கள். வீட்டில் வேறு ஒரு விலை சொல்லி வைத்திருக்கிறேன்.

பழைய பெற்றோலை இறக்கி, ரப்பர் குழாய் எல்லாம் மாற்றி, 5 லீற்றர் புதுப் பெற்றோல் ஊற்றினேன். காபரேட்டரை மட்டும் கழற்றவில்லை. சாவியைத் திருப்பியதும் பின்னால் இருக்கிற எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக் டிக் என்றது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: காபரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிரம்பும்வரை அந்தப் பம்ப் தட்டும், நிரம்பினால் நின்றுவிடும். என்னுடையது நிற்கவேயில்லை. நான் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்! இத்தனை வருடம் கிடந்த பம்ப் எவ்வளவு உசாராக வேலை செய்கிறது பார் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஸ்டார்ட் பண்ணினேன். ஏழெட்டுச் சுற்று, பிறகு காபரேட்டர் வழியாக ஒரு 'டப்'. அவ்வளவுதான். பொனெட்டுக்குக் கீழே இருந்து நெருப்பு. கச்சான் காற்று வேறு. நான் செய்த முதல் வேலை கிணற்றுத் தண்ணீரை வாளியோடு ஊற்றியது. பெற்றோல் தண்ணீரில் மிதந்து நிலம் முழுக்கப் பரவியது; உள்ளே ஏதோ வார்ப்பிரும்பு 'டங்' என்று வெடித்த சத்தமும் கேட்டது. பக்கத்து வீட்டுப் பொடியன் ஓடிவந்து மணலை அள்ளிப் போட்டு, ஈரச் சாக்கால் மூடித்தான் அணைந்தது. ஏழெட்டு நிமிடம் எரிந்திருக்கும். அவ்வளவு நேரமும் சாவி திறந்தே இருந்தது. வயர் எரிந்து அறும்வரை பம்ப் நெருப்புக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எஞ்சின் அறை, டாஷ்போர்ட், இருக்கைகளின் முன்பக்கம் எல்லாம் போய்விட்டது. பின்பக்கமும் பெற்றோல் தாங்கியும் தப்பிவிட்டன. கேள்வி தலைப்பில் இருக்கிறது.

மைனர்1000

அண்ணே, முதலில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? அது போதும்.

இனித் திட்டலாம்தானே. அந்த எஞ்சின் என்னுடைய மொரிஸ் மைனரில் இருக்கிற அதே ஏ-சீரீஸ் குடும்பம். அதில் பெற்றோல் போகிற வாயும் புகை வருகிற வாயும் ஒரே பக்கம். காபரேட்டர் மேலே, புகையை வெளியேற்றுகிற எக்ஸ்ஹோஸ்ட் மெனிபோல்ட் நேர் கீழே. கிண்ணம் நிரம்பியதும் பெற்றோலை அடைக்கிற மிதவை ஊசி, பழைய பெற்றோல் பிசினில் திறந்தபடியே ஒட்டிப் பிடித்தால் கிண்ணம் வழியும். வழிந்தால் விழுகிற இடம் அடுப்பு. நாங்கள் அக்கரைப்பற்றில் மைனர் வைத்திருக்கிறவர்கள் கிண்ணத்தின் மூடியைத் திறந்து பார்க்காமல் நாள்பட்ட வண்டிக்குச் சாவி போடமாட்டோம்.

உங்கள் குற்றம் பம்ப் பேசினது கேட்டும் விளங்காமல் விட்டதுதான்.

கணக்கப்பிள்ளை

நான் கொடுக்கிற ஆலோசனை பலருக்குப் பிடிக்காது. விற்றுவிடுங்கள். நல்ல கார் ஒன்றைத் தேற்றினாலே போட்ட காசு திரும்பாது, இது எரிந்த கார். இந்த வயதில் குனிந்து வெல்டிங் அடித்து முதுகு போனால் அதற்கு யார் பில் கட்டுவது? பென்ஷனோடு வந்த மொத்தப் பணம் ஒருமுறைதான் வரும். கதிர்காமம் போய்விட்டு வாருங்கள், மனம் ஆறும்.

லேத்து கல்முனை

சேர், ஒரு வேலையும் தொடங்க முன் இதை வாசியுங்கள். நான் 40 வருடம் லேத்தில் நின்றவன், எரிந்த லொறி எஞ்சின் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதல் வேலை இன்றைக்கே: கழுவுங்கள். வயருக்கும் இருக்கை ரெக்சினுக்கும் போட்டிருப்பது பி.வி.சி. அது எரிந்தால் வருகிற புகையில் ஹைட்ரஜன் குளோரைட் இருக்கிறது. ஈரம் பட்டதும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். உங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில், காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. நெருப்பே படாத இடத்திலும் கரி படிந்திருந்தால் துரு பிடிக்கும். ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு கை அப்பச்சோடா போட்டுக் கலக்கி, கரி படிந்த இடம் எல்லாம் துடையுங்கள், பிறகு நல்ல தண்ணீர், பிறகு வெயிலில் காயவைத்து எண்ணெய். கையுறை போடுங்கள். பழைய கிளட்ச் தட்டு, பிரேக் பட்டை, கெஸ்கட் ஆகியவற்றில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம், ஈரத்துணியால் எடுங்கள். உருகிப் பிசுபிசுத்த ஓயில் சீல் எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். பிறகு மாற்றியதில் வைட்டன் என்கிற ரப்பர் ரகம் இருந்திருந்தால் எரிந்த மிச்சம் பொல்லாத அமிலம்.

இரண்டாவது வேலை, நெருப்பை வாசிப்பது. எங்கே எவ்வளவு சூடு போயிருக்கிறது என்று கார் தானே சொல்லும். ஈயப்பற்று 180, 190 பாகையில் இளகும். பட்ஜ், கைபிடி போன்ற நாக (சிங்க்) வார்ப்பு 400 அளவில் ஒழுகும். அலுமினியம் 660. காபரேட்டர் வார்ப்பில் கலப்பு இருப்பதால் அதற்குக் கொஞ்சம் முன்னமே தளரும். செம்பு 1085. இப்போது நீங்கள் போய்ப் பாருங்கள். றேடியேற்றர் மூட்டு விட்டிருக்கிறதா? பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கிற டிஸ்ரிபியூட்டரின் மூடி எரிந்துபோனதா, சும்மா கருகியதா? எந்த வயரில் செம்பு மணி மணியாக உருண்டிருக்கிறது? பெயின்ற் கொப்புளம் போட்ட இடத்தில் தகடு பரவாயில்லை. பெயின்ற் சாம்பலாகி, தகடு நீலச்சாம்பல் நிறமாகி, மறுநாளே செம்பழுப்பாகத் துருப்பிடித்த இடம்தான் செத்த இடம்.

சோக்கட்டி எடுத்து மூன்று நிறத்தில் காரிலேயே கோடு போடுங்கள். கோடு போட்டு முடியும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக்கூடாது. கழற்றிவிட்டால் அந்த எழுத்து அழிந்துவிடும்.

கணக்கப்பிள்ளை

லேத்துக் காக்கா சொன்னதில் எனக்குப் பிடித்தது "செத்த இடம்". முழுக் காரும்தான் செத்த இடம்.

வாவிக்கரையான்

காக்கா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னது சரிதான், மூன்று நாளில் டிக்கிக்குள் இருந்த ஸ்பனர்கூடத் துருப்பிடித்துவிட்டது. அங்கே நெருப்பே போகவில்லை. மனைவி அப்பம் சுட வைத்திருந்த சோடா முழுவதையும் எடுத்துக் கழுவினேன்.

இனி வாசித்த கதை. மூன்று நாள் எடுத்தது, காலையில் ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிறுத்திவிடுவேன், அதற்குமேல் இந்த வெயிலில் முடியாது. முன் காபரேட்டர் பாதி உருகி மெனிபோல்ட்டின் மேல் வெள்ளிச் சாந்து பூசியதுபோல உறைந்து கிடக்கிறது. பின் காபரேட்டர் கறுத்திருக்கிறது, உள்ளே பிஸ்டன் விரலால் தூக்கினால் 'கிளிக்' என்று விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிதான்! எக்ஸ்ஹோஸ்ட் மெனிபோல்ட் குறுக்கே பிளந்திருக்கிறது, அந்த 'டங்' அதுதான். டிஸ்ரிபியூட்டர் மறுபக்கம் இருப்பதால் மூடிகூட எரியவில்லை. றேடியேற்றர் மேல்மூட்டு ஒரு பக்கம் விட்டிருக்கிறது. எஞ்சினுக்கு அடியில் உள்ள சம்பில் ஓயில் அப்படியே இருக்கிறது, எரிந்த மணம் இல்லை.

ஓட்டுநருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள சுவர்த் தகட்டில், இடப்பக்கம், ஒரு பெரிய தட்டு அளவுக்கு அந்த நீலச்சாம்பல். அதைச் சுற்றி ஒரு முழம் கொப்புளம். வலப்பக்கம் பெடல் பெட்டிக்கு மேலே வெறும் கரி. செத்த இடம் நான் நினைத்ததில் கால்வாசிதான்.

ஹரோப் பொடியன்

அங்கிள், நான் பிறந்தது ஆரையம்பதி, இப்போது லண்டனில் ஹரோ. இங்கே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்கிற நிறுவனம் மிட்ஜெட்டுக்குப் புது பொடி ஷெல்லே (வெறும் உடல்கூடு) செய்திருக்கிறது, பழைய அச்சுகளை வைத்து. நல்ல ஷெல் ஒன்று பார்த்து வாங்கி, உங்கள் எஞ்சினையும் சாமானையும் அதற்கு மாற்றிவிட்டால் வேலை சுத்தம். எரிந்த தகட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

மைனர்1000

தம்பி, ஷெல்லை கப்பலில் ஏற்றி, கொழும்பில் இறக்கி, சுங்கம் கட்டி, மட்டக்களப்புக்கு லொறியில் கொண்டுவரும் செலவில் இங்கே இரண்டு மைனர் வாங்கலாம். அதுவும் போக, காரின் இலக்கம் இருப்பதே அந்தப் பழைய பொடியில்தான். புது ஷெல் போட்டால் பதிவுப் புத்தகத்தில் இருக்கிற கார் எது, முற்றத்தில் நிற்கிற கார் எது என்று ஆபீசில் விளக்க அண்ணனுக்கு இன்னொரு பென்ஷன் தேவைப்படும்.

வாவிக்கரையான்

மனே, நல்லெண்ணத்தில் சொல்கிறாய் என்று தெரியும். ஆனால் எனக்கு ஷெல் வேண்டாம். அந்தக் கொட்டிலில் இருந்து தள்ளி வெளியே எடுத்த கார்தான் வேண்டும். எக்ஸ்ஹோஸ்ட் மெனிபோல்ட்டும் முழு வயர்க் கட்டும் அங்கே பார்த்துச் சொன்னால் பெரிய உதவி.

ஓடாவி மகன்

சட்டம் கோணியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே? மிட்ஜெட்டுக்குத் தனிச் செசி (அடிச்சட்டம்) கிடையாது, பொடியேதான் செசி. சுவர் சூடேறினால் முன்பக்கம் இழுத்துக்கொள்ளலாம். என் வாப்பா ஓடாவி, தச்சு வேலை. அவர் வீட்டு வளை பார்க்கிற மாதிரிப் பாருங்கள். சமமான சீமெந்துத் தரையில் காரை நான்கு முட்டில் வையுங்கள். முன் சஸ்பென்ஷன் பூட்டுகிற இரண்டு துளை, பின் ஸ்பிரிங் பட்டை தொங்குகிற இரண்டு இடம், நான்கிலும் தூக்குக்குண்டு கட்டித் தரையில் புள்ளி வையுங்கள். காரைத் தள்ளிவிட்டு மூலைக்கு மூலை அளவுங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒத்துவந்தால் நெருப்பு சட்டத்தைத் தொடவில்லை.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரண்டு பக்கமும் சதுரக் குழாய் வைத்து ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கூரையில்லாத கார் நடுவில் தொய்ந்துவிடும், கதவு பிறகு மூடாது.

வாவிக்கரையான்

தம்பி, நீர்ப்பாசனத்தில் 34 வருடம் மட்டம் பார்த்தவனுக்கு இது தோன்றாமல் போனதே! இன்றைக்கு அளந்தேன். மூலைவிட்ட வித்தியாசம் 3 மில்லிமீற்றர். அறுபது வயதுக் காருக்கு இதைச் சும்மா விடலாம் என்று நினைக்கிறேன். லேத்துக் காக்காவும் விடலாம் என்கிறார், நேரில் வந்து பார்த்தார், கல்முனையில் இருந்து பஸ்ஸில். நுண்ணிய ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜும் கொண்டுவந்து கிராங்கின் ஆட்டம் பார்க்கச் சொல்லிக் கொடுத்து விட்டுப் போயிருக்கிறார்.

ஒன்று சொல்லவேண்டும். சோக்கட்டிக் கோடு போடும்போது நெருப்பின் பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு எல்லாம் எஞ்சின் பக்கம். ஆனால் ஸ்பனர் நுனியால் தட்டித் தட்டிப் பார்த்தபோது உண்மையான ஓட்டை எல்லாம் கதவுக்குக் கீழே, சில் பெட்டியில். அது நெருப்பில்லை, உப்பு. நெருப்பு ஏழெட்டு நிமிடம் செய்ததைவிட கடற்காற்று 12 வருடத்தில் செய்தது அதிகம்.

கணக்கப்பிள்ளை

இதைத்தான் நானும் சொன்னேன், வேறு காரணத்துக்காக.

கல்லடி ரீச்சர்

நான்தான் அந்த மனைவி. இந்த இழையைத் தொடக்கத்தில் இருந்து வாசிக்கிறேன். விலை பற்றிப் பிறகு பேசுவோம்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை என்ற முறையில் ஒரு சிறு திருத்தம்: எரிந்த சாமான் எல்லாம் கையில் எடுத்துப் பார்த்து, பெயர் எழுதி, பையில் போட்டது நான். 160 பக்க சி.ஆர். கொப்பி ஒன்று முடிந்துவிட்டது. (காரின் பதிவுப் புத்தகமான சி.ஆர். இல்லை, பள்ளிக்கூடச் சி.ஆர்.) ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறது, என்ன நிறம் என்று படம் கீறி வைத்திருக்கிறேன். எரியாத பின்பக்கத்தில் நிறம் தெரிகிறது, அதை வைத்து முன்பக்கத்தை ஊகித்தேன். வயர்ச் சாமான் செய்த லூக்கஸ் கம்பனியின் நிற முறை மிக ஒழுங்கானது. மண்ணிறம் பற்றரியில் இருந்து நேரே, வெள்ளை சாவி திறந்தபின், பச்சை சாவியும் பியூசும் தாண்டியபின், ஊதா பியூஸ் தாண்டி எப்போதும், சிவப்பு சிறு விளக்கு, நீலம் பெரிய விளக்கு, கறுப்பு ஏர்த்.

இதில் எனக்குத் தூக்கம் போன விசயம்: முழுக் காருக்கும் இரண்டே இரண்டு பியூஸ். மண்ணிறத்துக்கும் வெள்ளைக்கும் பியூஸே இல்லை. பம்ப்புக்குப் போவது வெள்ளை. அப்படியானால் அன்றைக்கு எந்தப் பியூசும் உருகிக் காப்பாற்றியிருக்காது. சரிதானா?

மைனர்1000

சரி ரீச்சர். மைனரும் அப்படித்தான். வெளிநாட்டில் லூக்கஸை இருளின் இளவரசன் என்று பகிடி பண்ணுவார்கள், நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், 50 வருடம் எரிகிற விளக்கை இப்போது யார் செய்கிறார்கள்? ஆனால் பியூஸ் விசயத்தில் அவர்கள் கஞ்சர்கள்தான். புது வயர்க் கட்டு போடும்போது பம்ப்புக்குத் தனிப் பியூஸ், பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு கட்-ஓஃப் சுவிட்ச், இரண்டும் போடுங்கள். மோதினால் பம்ப்பை நிறுத்துகிற சுவிட்ச் கிடைத்தால் அதுவும்.

இன்னொன்று, 1965 மிட்ஜெட் பொசிட்டிவ் ஏர்த். பற்றரியின் கூட்டல் முனைதான் பொடியில். இந்தக் காலத்துப் பொடியன் யாராவது பற்றரி பூட்டவந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

லேத்து கல்முனை

ரீச்சர் மாதிரி நாலு பேர் எனக்குக் கராஜில் இருந்திருந்தால் நான் இன்றைக்கு எங்கேயோ.

வாவிக்கரையான் (ஐந்து மாதம் கழித்து)

நீண்ட நாள் எழுதவில்லை, வேலைதான் காரணம். மாரி தொடங்கிவிட்டது, கொட்டிலுக்குள் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எஞ்சினை வெளியே எடுத்தோம். பெயரிங்குகளும் சிலிண்டர் சுவரும் நல்லது. சிலிண்டர்களை மேலே மூடுகிற ஹெட்டை ஓடாவி மகனின் சகோதரர் சாயம் விட்டுப் பார்த்தார்: சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைத் தூள் அடித்தால் வெடிப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு நூல்போல எழுந்து வரும். வந்தது. இரண்டாவது மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவில் விரல் நகம் அளவு நீளம். நான் ஊற்றிய வாளித் தண்ணீரின் கையெழுத்து.

மைனர்1000 தம்பி தன் கொட்டிலில் கிடந்த மைனரின் 1098 ஹெட் ஒன்று தந்தார். அப்படியே உட்காருகிறது. வார்ப்பில் 12ஜி202 என்று இருக்கிறது, என்னுடையது 12ஜி206. வித்தியாசம் பெற்றோலும் காற்றும் உள்ளே போகிற இன்லெட் வால்வு, மைனருடையது சின்னது. கொஞ்சம் மூச்சு குறையும். பரவாயில்லை, எனக்கும் அப்படித்தான். முழு மைனர் எஞ்சினையே போடலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். போடலாம், வெளியே பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. ஆனால் என் பிளாக்கில் கிராங்கின் மெயின் பெயரிங் 2 அங்குலம், மைனரில் 1¾. தடித்த கிராங்கை வீசிவிட மனம் வரவில்லை. எஞ்சின் இலக்கமும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும்.

சுவரில் செத்த தகட்டை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வளைத்து ஒட்டியது வாழைச்சேனை டிங்கர் (தகடு திருத்துகிறவர்) ஒருவர். நான் செய்தது பிடித்துக்கொண்டு நின்றது. ஆனால் கொப்புளம் போட்ட சுற்று இடம் ஒரு தனிப் பாடம். அந்தத் தகடு பார்க்க நேராக இருக்கிறது, பெருவிரலால் அழுத்தினால் 'டொக்' என்று உள்ளே போகும், விட்டால் 'டொக்' என்று வெளியே வரும், பால்மா டின் மூடிபோல. சூட்டில் விரிந்து திரும்பிச் சுருங்க இடமில்லாமல் நிற்கிற தகடு அது. டிங்கர் ஒரு கச்சான் கொட்டை அளவுப் புள்ளியை மட்டும் சிவக்கக் காய்ச்சுவார், சுற்றிலும் மெல்லத் தட்டுவார், உடனே ஈரத்துணியை அமுக்குவார். 'சுர்ர்'. ஒரு புள்ளி, பிறகு நாலு விரல் தள்ளி இன்னொன்று. பதினொரு புள்ளியில் டொக் நின்றது. பன்னிரண்டாவது வைத்திருந்தால் மறுபக்கம் இழுத்திருக்கும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன், சிரித்தார்.

ஓடாவி மகன்

துருவுக்கு என்ன செய்தீர்கள்? மணல் அடித்தீர்களா?

வாவிக்கரையான்

இல்லை. மெல்லிய தகட்டில் மணல் அடித்தால் இன்னும் கோணும் என்று பயம். மொலாசஸ். கரும்பு ஆலையில் மிஞ்சுகிற கறுப்புப் பாணி, மாட்டுக்குத் தீனியில் கலப்பார்கள். அம்பாறைப் பக்கத்து மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரிடம் இரண்டு கலன் வாங்கினேன். ஒரு பங்கு பாணிக்கு ஒன்பது பங்கு தண்ணீர், நீல பரலைப் பாதியாக வெட்டித் தொட்டி. சின்ன இரும்புச் சாமான் எல்லாம் இரண்டு மூன்று கிழமை ஊறினால் துரு மட்டும் கழன்றுவிடும், இரும்பைத் தின்னாது. நம் சூட்டுக்கு இன்னும் கெதியாக வேலை செய்கிறது.

மூன்று எச்சரிக்கை. அலுமினியம், நாக வார்ப்பு எதையும் போடாதீர்கள், அதைத் தின்றுவிடும். எடுத்தவுடன் கழுவிக் காயவைத்து எண்ணெய் பூசாவிட்டால் அரை மணித்தியாலத்தில் மறுபடி சிவக்கும். மூன்றாவது, மணம். நுரைத்துப் புளித்து, கள்ளுத் தவறணை மாதிரி. பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டு நாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கல்லடியில் உள்ள எறும்பு முழுவதும் என் முற்றத்தில்.

லேத்து கல்முனை

ஸ்பிரிங், போல்ட் பற்றி எழுதாமல் விட்டீர்கள் சேர். மற்றவர்களுக்காக: நெருப்புப் பக்கம் இருந்த வால்வு ஸ்பிரிங் எல்லாம் குப்பைக்கு. பார்க்க நல்லதாகத்தான் இருக்கும், பதம் போயிருக்கும். ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் உள்ள போல்ட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அதுவும் குப்பைக்கு. அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன், நல்ல போல்ட்டில் அரம் குறைவாகக் கடிக்கும், செத்ததில் ஆழமாகக் கடிக்கும். ஆறு போல்ட்டில் ஆழமாகக் கடித்தது. பிரேக் ரப்பர்க் குழாய் தொட்டுப் பார்க்கவே தேவையில்லை, எல்லாம் புதிது.

கணக்கப்பிள்ளை

சேர், இதுவரை எவ்வளவு என்று கேட்கலாமா? ரீச்சர் வாசிக்கிறார் என்று தெரியும்.

கல்லடி ரீச்சர்

நான் சொல்கிறேன். கொப்பியில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. வாங்கிய விலையைவிடக் கூட. உண்மையான வாங்கிய விலையை. ஹரோவில் இருந்து வந்த பெட்டியும் சுங்கமும்தான் பாதி. மீதியில் பெரிய செலவு லேத்துக் காக்கா காசு வாங்க மறுத்ததால் அவர் வீட்டுக்குப் போன மீனும் தயிரும்.

இவர் வேலையில் இருந்த காலத்தில் வீட்டுக்கு வருவது இரவு எட்டு மணி. இப்போது ஒன்பதரைக்கு வியர்வையோடு வந்து குந்தியிருந்து, அன்றைக்குக் கழற்றிய போல்ட்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் பறைகிறார். கதிர்காமத்துக்கும் போனோம். அங்கேயும் அதையே பறைந்தார்.

ஹரோப் பொடியன்

அங்கிள், சில மாதமாக ஒன்றும் எழுதவில்லையே, காபரேட்டர் என்ன ஆனது? நான் அனுப்பியது பொருந்தியதா?

வாவிக்கரையான்

பொருந்தியது மனே. பின் காபரேட்டர் பழையதுதான், கழுவிப் புதுச் சீல் போட்டேன். முன்னது நீ அனுப்பியது. இரண்டிலும் பிஸ்டனில் இருக்கிற ஊசியின் கழுத்தில் பொறித்திருக்கிற எழுத்து ஒன்றா என்று வில்லை வைத்துப் பார்த்தேன். மிதவைக் கிண்ணங்களில் புது மிதவை ஊசியும் அது அமர்கிற இருக்கையும். கிண்ணத்தைத் தலைகீழாகப் பிடித்து, குழாயில் வாய் வைத்து ஊதி, ஊசி அடைக்கிறதா என்று முப்பது தரமாவது பார்த்திருப்பேன். உதட்டில் பெற்றோல் மணம் போக இரண்டு நாள்.

நிறம் சிவப்பு. அதைப் பற்றி இங்கே விவாதம் வேண்டாம், தனிமடலில் ஏற்கெனவே போதும். மாரி முடிந்து தைக்குப் பிறகுதான் அடித்தோம்.

வாவிக்கரையான் (மறுநாள்)

இன்றைக்குக் காலை ஆறு மணிக்கு முயற்சி செய்தோம். காற்று இல்லாத நேரம். பக்கத்து வீட்டுப் பொடியன் மணல் வாளியோடு இடப்பக்கம், மனைவி தீயணைப்புச் சிலிண்டரோடு வலப்பக்கம். தூள் அடித்தால் அந்தத் தூளும் உலோகத்தைத் தின்னும் என்பதால் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர்தான் வாங்கினோம். பொனெட் திறந்து, கையை முன் காபரேட்டரின் அடியில் வைத்துக்கொண்டு, சாவியைப் பொடியனின் தங்கச்சியைத் திருப்பச் சொன்னேன்.

டிக் டிக் டிக் டிக் டிக். நான் எண்ணினேன். பத்தொன்பது. பிறகு கொஞ்சம் மெதுவாக, டிக்... டிக். இருபத்திமூன்றில் நின்றுவிட்டது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே நின்றோம். கை காய்ந்தே இருந்தது. ஒரு டிக்கும் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் பண்ணினேன். மூன்றாவது சுற்றில் பிடித்தது. வால்வுச் சத்தம் கொஞ்சம் இருக்கிறது, 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) இடைவெளி மறுபடி பார்க்கவேண்டும். ஹெட்டின் மூச்சுக் குறைவு எனக்குத் தெரியவில்லை.

மைனர்1000

அண்ணே! பிள்ளையாரடிக் கோயிலில் ஒரு தேங்காய் உடையுங்கள், எனக்கும் சேர்த்து.

கணக்கப்பிள்ளை

விற்கிற எண்ணம் வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள். சும்மா கேட்கிறேன்.

லேத்து கல்முனை

மாஷா அல்லாஹ். சேர், சந்தோஷம். என் டயல் கேஜ் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. மகன் தேடுகிறான்.